முந்தி வந்தவர்கள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்பமரத்துக்கு ஒரு குளிர்கால வாடகைதாரர் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் வருவார், சித்திரை வெயில் ஏறியதும் கிளம்பிவிடுவார். எடை எட்டு கிராம் இருந்தால் அதிகம். இலை நிறத்தில் இலைக்குள்ளேயே திரிவதால் ஆளைக் காண்பது பெரும்பாடு. குரலை வைத்துத்தான் இருப்பு தெரியும். 'ச்சிலிப்... ச்சிலிப்' என்று விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் அதே கத்தல். அந்த மரம் தன்னுடையது, இன்னொருவன் வரக்கூடாது என்று அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா அதற்குச் 'சிலிப்பான்' என்று பெயர் வைத்திருக்கிறாள். பறவை நோக்குகிறவர்கள் பச்சைக் கதிர்க்குருவி என்பார்கள்.

இத்தனூண்டு ஜீவன் மேற்கு சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து இமயத்தைச் சுற்றிக்கொண்டு தென்காசிப் பக்கத்து வேப்பமரத்துக்கு வருகிறது என்று சொன்னபோது அம்மா கேட்டாள்: "அங்கேருந்து இங்க வரணும்னு அதுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

நல்ல கேள்வி. விடை தேடப் போனவன் அப்படியே வேறொரு கேள்வியில் போய் விழுந்தேன். ஒரு பறவை வழக்கமாகப் போகிற ஊரை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? மாற்றிக்கொண்டது மாற்றாததிலிருந்து பிரிந்து தனி இனமாகவே ஆகிவிடுமா?

பள்ளியில் படித்தபோது இனம் பிரிவது என்றால் பெரிய சமாச்சாரம். நடுவே ஒரு மலை எழ வேண்டும், அல்லது கடல் புகுந்து நிலத்தைத் தீவாக்க வேண்டும். இந்தப் பக்கம் மாட்டியது ஒரு இனம், அந்தப் பக்கம் மாட்டியது இன்னொன்று. பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மாயர் போன்ற மேதைகள் நிறுவிவிட்டுப் போன கணக்கு அது, தப்பும் இல்லை. ஆனால் றெக்கை உள்ள பிராணிக்கு மலை என்ன, கடல் என்ன? பறந்து வந்து சேர்ந்துகொள்ளாதா? அதுகளை எது பிரிக்கும்?

தேதி பிரிக்கும் என்பதுதான் நான் கண்டுகொண்டது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் பாதிப்பேர் பிழைக்கப் போனது பம்பாய்க்கு. மும்பை என்று பெயர் மாறினாலும் அவர்கள் பம்பாய்க்காரர்கள்தான். மீதிப்பேர் துபாய், சவுதி. பம்பாய்க்காரர்கள் பிள்ளைகளின் பள்ளி லீவை ஒட்டி மே மாதம் வந்து இறங்குவார்கள். வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கம்பெனி எப்போது விடுகிறதோ அப்போதுதான் ஊர். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தட்டு மாற்றுவது எல்லாம் வந்திருக்கிற அந்த இருபது முப்பது நாளுக்குள் நடந்தாக வேண்டும். ஆக, பம்பாய் வீட்டுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பம்பாய் வீட்டு மாப்பிள்ளை. யாரும் திட்டம் போட்டுச் செய்தது கிடையாது. இதைப் பற்றி ஒருமுறை பெரியம்மாவிடம் கேட்டதற்கு, "மே மாசம் வந்தா மே மாசம் வந்தவனைத்தானடா கட்ட முடியும்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போவோம்.

அங்கே ஒரு குருவி இருக்கிறது, பிளாக்கேப். இருபது கிராம் அளவு, சாம்பல் உடம்பு. ஆணுக்குக் கறுப்புத் தொப்பி, பெண்ணுக்குச் செம்பழுப்புத் தொப்பி. நான் கருந்தொப்பி என்றே எழுதப்போகிறேன். கோடையில் ஐரோப்பாவின் காடுகளிலும் புதர்களிலும் கூடு கட்டும். குளிர் வந்தால் மேற்குப் பகுதிக் குருவிகள் தென்மேற்காகப் பறந்து ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம் போகும். கிழக்குப் பகுதிக் குருவிகள் தென்கிழக்காகப் போய் மத்தியதரைக் கடலின் கிழக்கு ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்கா சேரும். நடு ஐரோப்பாவில் ஒரு கோடு கிழித்த மாதிரி இந்தப் பிரிவினை.

1950களுக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நடுக் குளிரில், பனி பெய்கிற நாளில், வீட்டுத் தோட்டத்தில் வைத்த தீனியைக் கொத்த இந்தக் கருந்தொப்பிகள் வர ஆரம்பித்தன. வருடத்துக்கு வருடம் கூடியும் கொண்டே போயின. முதலில், கோடைக்கு வந்த உள்ளூர்க் குருவிகள் போகாமல் தங்கிவிட்டன என்று நினைத்திருக்கிறார்கள். காலில் வளையம் மாட்டி விட்டதில் வேறு கதை வெளிவந்தது. இவை ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வந்தவை. தென்மேற்கே போக வேண்டியது வடமேற்கே வந்திருக்கிறது. குளிருக்குப் பயந்து கிளம்பியவன் குளிருக்குள்ளேயே போய் இறங்கின மாதிரி.

வழிதவறிய பறவை எந்தக் காலத்திலும் உண்டு. திசை சற்றே பிசகிப் பிறக்கும் குஞ்சுகள் எல்லாத் தலைமுறையிலும் இருக்கும். முன்பெல்லாம் அவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்து பட்டினியில் விறைத்துச் செத்திருக்கும், கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் குளிர் கொஞ்சம் இளகியது. அதைவிட முக்கியம், பறவைகளுக்குத் தீனி வைக்கும் பழக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. கொழுப்பு உருண்டை, தோல் உரித்த சூரியகாந்தி விதை என்று கொட்டிக் கிடந்தது. வழிதவறியது பிழைத்துக்கொண்டது. பிழைத்ததோடு நிற்காமல் ஊர் திரும்பிக் குஞ்சும் பொரித்தது.

அந்தக் குஞ்சு எங்கே போகும்? அம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஜெர்மனியில் ராடால்ஃப்செல் என்ற ஊரில், ஏரிக்கரையில், ஒரு பறவை ஆய்வு நிலையம். பீட்டர் பெர்தோல்ட் என்பவர் வாழ்நாளெல்லாம் இந்தக் கருந்தொப்பிகளோடு மல்லுக்கட்டியவர். வலசைக் காலம் வந்தால் கூண்டில் இருக்கும் குருவிக்கும் ராத்திரியில் இருப்புக் கொள்ளாது. தீனி இருக்கும், கதகதப்பு இருக்கும், ஆனாலும் விடிய விடியப் படபடத்துத் துள்ளும். ரயிலுக்கு நேரமான ஆள் திண்ணைக்கும் வாசலுக்கும் நடப்பாரே, அது மாதிரி. இந்தத் துள்ளலை அளக்க ஒரு புனல் போதும். வாய் அகன்ற புனல், சரிந்த சுவரைச் சுற்றிலும் தாள் ஒட்டியிருக்கும், மேலே வானம் தெரிகிற மாதிரி வலை. 1960களில் அமெரிக்காவில் எம்லன் குடும்பத்து விஞ்ஞானிகள் உருவாக்கியபோது அடியில் மைப்பஞ்சு வைத்தார்கள். குருவி தான் போக நினைக்கும் பக்கமாகத் தாவித் தாவிச் சறுக்கும், மைக்கால் தடம் தாளில் விழும். பின்னால் வந்தவர்கள் மையை விட்டுவிட்டு, டைப்ரைட்டர் காலத்தில் எழுத்துப் பிழையை மறைக்க வைத்திருந்தோமே, அந்த வெள்ளை பூசிய தாளைச் சுவரில் ஒட்டினார்கள். நகம் பட்ட இடமெல்லாம் கீறல். காலையில் தாளை விரித்துக் கீறல்களை எண்ணினால் குருவி ராத்திரி முழுக்க எந்தத் திசைக்கு ஏங்கியது என்று தெரிந்துவிடும்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தத் தாள்தான். கோடிக்கணக்கில் கருவி வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தை அளக்கும் காலத்தில், ஒரு குருவியின் ஊர் நினைப்பை நகக்கீறலாக எண்ணியிருக்கிறார்கள்.

பெர்தோல்டும் கூட்டாளிகளும் இங்கிலாந்தின் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற ஊரில் குளிர்காலத்தில் பிடித்த கருந்தொப்பிகளை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்க் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஜெர்மனியிலேயே பிறந்த, இங்கிலாந்தைக் கண்ணால் பார்த்திராத, பெற்றோரோடு ஒருநாள்கூடப் பறந்திராத குஞ்சுகளை இலையுதிர் காலத்தில் புனலில் விட்டார்கள். கீறல்கள் மேற்கு-வடமேற்கில் விழுந்தன. நேராக இங்கிலாந்துப் பக்கம். 1992இல் இந்த முடிவு வெளியானது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அம்மா, அது ரத்தத்தில் வருகிறது.

சரி, திசை பிறவியிலேயே வருகிறது. அதனால் இனம் எப்படிப் பிரியும்? வசந்தத்தில் இரண்டு கூட்டமும் திரும்பி வருவது ஒரே ஜெர்மன் காட்டுக்குத்தானே? அங்கே ஜோடி சேர்ந்தால் எல்லாம் கலந்துபோகுமே?

இங்கேதான் பெரியம்மாவைக் கூப்பிட வேண்டும். இங்கிலாந்து போன குருவிக்குத் திரும்பும் தூரம் குறைவு. இன்னொன்றும் இருக்கிறது. பறவைக்குக் காலண்டர் என்பது பகலின் நீளம். வடக்கே இருக்கிற இங்கிலாந்தில் குளிர்காலப் பகல் மிகக் குட்டை, ஆனால் தை, மாசியில் மளமளவென்று நீளும். ஸ்பெயினில் அந்த வேகம் இல்லை. அதனால் இங்கிலாந்துக் குருவிக்குக் கிளம்பும் உணர்ச்சி முந்தியே வந்துவிடுகிறது. காட்டுக்கு முதலில் வந்து, நல்ல இடமாகப் பிடித்து, முதலில் வந்த இன்னொன்றோடு கூடு கட்டிவிடும். ஸ்பெயின்காரர்கள் வந்து சேரும்போது இவர்கள் குடித்தனமே தொடங்கியிருப்பார்கள்.

இது ஊகம் அல்ல. 2005இல் ஸ்டூவர்ட் பேர்ஹாப் குழுவினர் இதை நகத்தை வைத்தே நிரூபித்தார்கள். மழைநீரில் கன ஹைட்ரஜன் என்கிற எடை கூடிய ஹைட்ரஜனின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்து மழையின் விகிதம் வேறு, ஸ்பெயின் மழையின் விகிதம் வேறு. அந்த நீர் செடிக்குப் போய், பூச்சிக்கும் பழத்துக்கும் போய், கடைசியில் குருவியின் நகத்தில் படியும். நகம் மெல்ல வளர்வது. ஆகவே வசந்தத்தில் ஜெர்மனியில் பிடித்த குருவியின் நக நுனியைத் துளி வெட்டிப் பார்த்தால், குளிர்காலத்தை எங்கே கழித்தது என்று சொல்லிவிடலாம். கைரேகை ஜோசியத்தைவிட நம்பகமானது. பார்த்ததில், இங்கிலாந்துக்காரர்கள் இங்கிலாந்துக்காரர்களோடும் ஸ்பெயின்காரர்கள் ஸ்பெயின்காரர்களோடும் சேர்ந்திருப்பதே அதிகம். ஒரே காடு, ஒரே மரம், இரண்டு முகூர்த்தம்.

அப்புறம் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தினர் உடம்பையே அளந்து பார்த்து 2009இல் எழுதினார்கள். இங்கிலாந்து போகும் குருவிக்குச் சிறகு சற்று உருண்டை, குறைந்த தூரத்துக்கு அது போதும். அலகு ஒடுக்கம். ஸ்பெயினில் ஆலிவ் போன்ற பழங்களை விழுங்க அகன்ற வாய் வேண்டும், தோட்டத் தீனிக்கு வேண்டாம். முதுகும் கொஞ்சம் பழுப்பு கூடுதல். இதெல்லாம் முப்பது தலைமுறைக்குள். ஒரு ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் காலையில் டீயோடு வந்து தொங்கவிட்டுப் போன கொழுப்பு உருண்டை, ஜெர்மனியில் ஒரு குருவியின் அலகைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் பத்திரிகைகள் 'புதிய இனம் பிறந்தது' என்று தலைப்புப் போட்டுவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2020இல் மரபணுவை முழுசாகப் படித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் சொற்பம் என்றே தெரிந்தது. வெளிச்சத்தைப் பதிந்து போன இடத்தைக் காட்டும் நுண்கருவியை முதுகில் கட்டி அனுப்பியதில், இங்கிலாந்துக்கு வருபவை ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வருவதும் தெரிந்தது. ஒரே ஒரு கூட்டம் தனியாகப் பிரிந்து போய்க்கொண்டிருக்கிறது என்ற கதை அத்தனை நேர்த்தியானது அல்ல. தனிச்சமையல் வைத்திருக்கிறார்கள், பாகப்பிரிவினை ஆகவில்லை. எனக்கென்னவோ முடிந்துபோன பிரிவினையைவிட இப்படி நடந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதுதான் சுவாரசியம். டார்வினுக்கே வாய்க்காத காட்சி.

முகூர்த்தம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வழி வேறான கூட்டங்கள் சில சமயம் கலக்கத்தான் செய்யும். கலந்தால் பிறக்கும் குஞ்சின் பாடு என்ன? 1991இல் ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் தென்மேற்கே போகும் கருந்தொப்பியையும் தென்கிழக்கே போகும் கருந்தொப்பியையும் ஜோடி சேர்த்துப் பார்த்தார். குஞ்சுகளைப் புனலில் விட்டால் கீறல் இரண்டுக்கும் நடுவே, நேர் தெற்கில். அப்பா சொன்ன வழியும் இல்லை, அம்மா சொன்ன வழியும் இல்லை. வரைபடத்தை எடுத்து மத்திய ஐரோப்பாவிலிருந்து நேர் தெற்கே விரலை இழுத்துப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலை, மத்தியதரைக் கடல், அதைத் தாண்டினால் சஹாரா. தாய்தந்தை இருவரின் வழியும் இந்த மூன்றையும் சுற்றிப்போகிற வழி. குஞ்சுக்கு வாய்த்ததோ மூன்றுக்கும் நடுவே போகிற வழி. கூண்டில் இருந்ததால் தப்பித்தது. காட்டில் கலப்புக் குஞ்சுகள் இப்படிப் போய்ச் செத்தால், கலக்காதவர்களின் வாரிசுகளே அதிகம் மிஞ்சும்.

கனடாவின் மேற்கில் ஸ்வைன்சன் பூங்குருவியிலும் இதே கதைதான். கடலோரக் கூட்டம் கரையை ஒட்டியே மெக்சிகோ, மத்திய அமெரிக்கா போகும், உள்நாட்டுக் கூட்டம் கிழக்கே வளைந்து தென் அமெரிக்கா போகும். கலப்புகள் நடுவாக்கில் போகின்றன. சில போகும்போது அப்பா வழியிலும் வரும்போது அம்மா வழியிலுமாகத் திண்டாடுகின்றன. கைரா டெல்மோரும் டேரன் இர்வினும் 2014இல் அதைக் கூண்டில் அல்ல, காட்டில் பறக்கும் பறவைகளிலேயே காட்டினார்கள்.

வழி மாறினால்தான் என்றில்லை, போவதையே நிறுத்திவிட்டாலும் பிரிவு வரும். தென் அமெரிக்காவின் பிளவுவால் ஈப்பிடிப்பான் அதற்குச் சாட்சி. உடம்பைவிட இரண்டு மடங்கு நீளத்தில் கத்திரி மாதிரி வால், சரியான பகட்டு. அர்ஜென்டினா பக்கம் கூடு கட்டுபவை குளிருக்கு வடக்கே கொலம்பியா, வெனிசுவேலா புல்வெளிகளுக்குப் போகும். அங்கே வருடம் முழுக்கத் தங்கியிருக்கும் உறவுக்காரர்கள் உண்டு. எப்போதோ வலசையை விட்டுவிட்டுத் தங்கிப்போனவர்களின் வம்சம் அது. வலென்டினா கோமெஸ்-பஹாமோன் என்ற கொலம்பிய ஆய்வாளர் இவற்றின் சிறகை ஆராய்ந்தார். ஆண் பறவையின் வெளிச்சிறகு நுனியில் ஒரு வெட்டு இருக்கும். வேகமாகப் பறக்கையில் அதில் காற்று பட்டு ஒரு கீச்சொலி எழும். சண்டைக்கு வரும்போது எழும் ஒலியைப் பிடிக்க, பாடம் செய்த பருந்து ஒன்றை வைத்துக் கேமராவையும் மைக்கையும் மறைத்தார்கள். பருந்தைக் கண்டதும் இவை சீறிப் பாய்ந்தன, சத்தம் பதிவானது. தொலைதூரம் பறப்பவற்றின் சிறகு வடிவம் வேறு, தங்கிவிட்டவற்றின் வடிவம் வேறு. ஆகவே ஒலியும் வேறு சுருதி. பயணத்துக்காக மாறிய சிறகு, யாரும் கேட்காமலே குரலையும் மாற்றிவிட்டது. வெளியூரில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவன் பேச்சில் இழுவை ஏறின மாதிரி என்றுதான் எனக்குத் தோன்றியது.

நம் ஊர் மின்கம்பிகளில் குளிர்காலத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலானை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் அமெரிக்க உறவினர்கள் வட அமெரிக்காவில் குஞ்சு பொரித்துவிட்டு அர்ஜென்டினா வரைக்கும் போய்க் காலம் தள்ளுபவை. 1980இல் பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தில் ஆறு ஜோடி அங்கேயே கூடு கட்டியிருப்பதைக் கண்டார்கள். விருந்துக்கு வந்த இடத்தில் வீடு கட்டிய கதை. ஆனால் வீடு கட்டுவது லேசில்லை. பூமியின் தென்பாதியில் வசந்தம் வருவது நமக்கு ஐப்பசி வாக்கில். உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தையே ஆறு மாதம் திருப்பிவைக்க வேண்டும். திருப்பின. கூடுகள் பல நூறு கிலோமீட்டர் பரவின. டேவிட் விங்க்லர் குழு கருவி கட்டி அனுப்பிப் பார்த்தபோது, இவை பழைய சொந்த ஊரான வட அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை, தென் அமெரிக்காவின் வடபகுதி வரைக்கும் போய்விட்டுத் திரும்புகின்றன என்று தெரிந்தது. முப்பத்தைந்து வருடத்தில் புது ஊர், புதுக் காலண்டர், புது வழி. வட அமெரிக்காவில் கூடு கட்டும் மாதத்தில் இவை கூட்டை விட்டுக் கிளம்பிவிட்டிருக்கும். மே மாதக்காரனும் நவம்பர் மாதக்காரனும் எங்கே சந்திப்பது?

நம் சிலிப்பானுக்குத் திரும்புகிறேன். அதன் இனம் திபெத் பீடபூமியைச் சுற்றி வளையமாகப் பரவியிருக்கிறது. மரமில்லாத பீடபூமிக்குள் வாழ முடியாது. ஆகவே இமயத்தில் தொடங்கி ஒரு கை மேற்கு ஓரமாகவும் இன்னொரு கை கிழக்கு ஓரமாகவும் வடக்கே ஏறி, மத்திய சைபீரியாவில் இரண்டு கையும் தொட்டுக்கொள்கின்றன. வழிநெடுகப் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. இரண்டுமே நீண்டு சிக்கலாகின்றன, ஆனால் வெவ்வேறு விதமாக. சைபீரியாவில் சந்திக்கும்போது மேற்கத்தியக் குருவிக்குக் கிழக்கத்தியப் பாட்டைப் போட்டுக் காட்டினால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. டேரன் இர்வின் குழு 2001இல் இதை விவரித்தது. அடுத்தடுத்த மரத்தில் கூடு கட்டினாலும் இலையுதிர் காலத்தில் ஒன்று பீடபூமியின் மேற்கே சுற்றி இந்தியாவுக்கு வருகிறது, மற்றது கிழக்கே சுற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகிறது. கலப்புக் குஞ்சு ஒன்று பிறந்தால் நடுவாக்கில் போகவேண்டிவரும். நடுவில் இருப்பது திபெத்.

எங்கள் வேப்பமரத்துக்கு வருவது மேற்குக் கை. சிறகில் ஒரே ஒரு வெளிர்க்கோடு. கிழக்குக் கைக்கு இரண்டு. ஒரு சனிக்கிழமை முழுக்க மொட்டை மாடியில் பைனாகுலரோடு நின்று அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துவிட்டேன், கழுத்து பிடித்துக்கொண்டது தனிக்கதை.

பங்குனி கடைசியில் ஒருநாள் அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "ஏல, இங்க வா. சிலிப்பான் இன்னைக்கு வேற என்னமோ மாதிரி கத்துது."

போய்க் கேட்டேன். 'ச்சிலிப்' இல்லை. துண்டு துண்டாக, பாதியில் நின்று, திரும்ப எடுத்து, ஒரு பாட்டு. இரண்டு நாள் பாடியது. மூன்றாம் நாள் மரத்தில் சத்தம் இல்லை.